கேள்வி பதில்: சூடான பாணில சொக்ஸ் பூசினால் மூளை என்ன சொல்லும்?

போன இதழில ஈஈஜி (தலையில வயர் ஒட்டி மூளையின்ர கரண்டைப் பதியிறது) எடுக்கிறதைப் பற்றி நாலு வரி எழுதினன், அதுக்கு இவ்வளவு கேள்வி வருமெண்டு நினைக்கேல்லை. சிலபேர் கடிதம், கனபேர் வாட்ஸப்பில வொய்ஸ், ஒருத்தர் திருநெல்வேலிச் சந்தைக்குள்ள மறிச்சு வைச்சுக் கேட்டவர், கத்தரிக்காய்ப் பையோட நிண்டு பதில் சொன்னன். கேள்வியள் வேற வேற எண்டாலும் வந்து நிக்கிற இடம் ஒண்டுதான். வெளியில இருந்து ஒரு சத்தமோ வெளிச்சமோ சொல்லோ குடுத்தால் அதுக்கு மூளை குடுக்கிற கரண்ட் பதில். அதால இந்த மாசம் முழுக்க அதுதான். நான் டொக்டர் இல்லை, கனகாலம் ஆக்களின்ர தலையில வயர் ஒட்டின டெக்னீசியன், அந்தளவில எடுங்கோ.

அண்ணை, என்ர மகனுக்கு ஐஞ்சு மாசம். கதவு அடிச்சுச் சாத்தினாலும் திரும்பிப் பாக்கிறானில்லை. காது கேக்குதோ எண்டு பாக்கிற பேரா டெஸ்ட் எடுக்கச் சொல்லி எழுதித் தந்திருக்கினம். தலையில வயர் பூட்டி கரண்ட் விடுறதெண்டு மாமி பயப்பிடுத்துறா. உண்மையோ?
(வாசகி, கொக்குவில்)

மாமியிட்டச் சொல்லுங்கோ தங்கச்சி, கரண்ட் உள்ள போறதில்லை, உள்ள இருந்து வாறதைத்தான் மெஷின் பாக்குது. நெத்தியில ஒண்டு, காதுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு, அப்பிடி மூண்டு நாலு ஸ்டிக்கர்தான். காதுக்குள்ள சின்ன இயர்போன் வைச்சு டிக் டிக் டிக் எண்டு சத்தம் குடுப்பினம். அந்தச் சத்தம் காது நரம்பால ஏறி மூளைத்தண்டுக்குள்ள போற வழியில ஒவ்வொரு ஸ்டேஷனிலயும் ஒரு சின்ன அலை எழும்பும், யாழ்தேவி ஒவ்வொரு ஸ்டேஷனிலயும் கூவிக்கொண்டு போற மாதிரி வைச்சுக்கொள்ளுங்கோவன். 1970, 71ல அமெரிக்காவில டொன் ஜூவெட் எண்டவரும் அவரோட நிண்டவையும் இந்த அலையளைப் பிரிச்சுக் காட்டி ரோமன் இலக்கத்தில ஒண்டு ரெண்டு எண்டு பேர் வைச்சவை, சத்தம் காதில பட்டு 10 மில்லிசெக்கனுக்குள்ள ஏழு அலை. டொக்டர்மார் முக்கியமாப் பாக்கிறது அஞ்சாவதை. பெரிய ஆக்களுக்கு அது 6 மில்லிசெக்கன் கிட்ட வரும், உங்கட மகன்ர வயசில நரம்புக்கு மேல உறை இன்னும் வடிவாப் போடாததால கொஞ்சம் பிந்தித்தான் வரும், ரிப்போர்ட்டில அந்த நம்பரைப் பாத்து இன்ரநெற்றில தேடி அழாதேங்கோ. சத்தத்தைக் குறைச்சுக் குறைச்சுக் கொண்டு போய் எந்த அளவில அஞ்சாவது அலை காணாமப் போகுதெண்டு பாத்துத்தான் பிள்ளைக்கு எவ்வளவு கேக்குது எண்டு சொல்லுவினம், வாய் திறந்து சொல்ல ஏலாத பிள்ளைக்கு இதை விட நல்ல சாட்சி இல்லை.

ஒண்டு கவனியுங்கோ. அந்த அலை ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. டோர்ச்சுக்குப் போடுற பென்ரோர்ச் பற்றரி ஒண்டரை வோல்ட், அதைப் பதினைஞ்சு லட்சமாப் பங்கு போட்டால் வாற ஒரு பங்கை விடச் சின்னன். அதால பிள்ளை அசைஞ்சால், சூப்பினால், அழுதால் சதை எழுப்புற கரண்டில எல்லாம் மூடுப்பட்டுப் போயிடும். நித்திரையிலதான் எடுக்கிறது, நித்திரையால இந்த அலை குழம்பாது. கனபேர் விடுற பிழை என்னண்டால், பஸ்ஸில வரேக்க பிள்ளை வடிவா நித்திரை கொண்டிட்டு அங்க வந்து முழிச்சு முழிச்சுப் பாக்கும், பிறகு பின்னேரம் மட்டும் தாலாட்டு. வழியில நித்திரை கொள்ள விடாதேங்கோ, அங்க வந்து பால் குடுங்கோ, முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதேங்கோ.

நான் முதல் வேலை செய்த இடத்தில (பேர் வேண்டாம்) ஒரு கிழமை முழுக்க ஒரு பிள்ளைக்கும் அலை வரேல்லை, எல்லாம் ஒரே ஊஊ எண்டு ஒரு கோடு. மெஷின் பழுதெண்டு கொழும்புக்கு அனுப்ப ரெடியாகினம், பாத்தால் சுவருக்கு அங்கால ஒருத்தர் புதுசா ஒரு ஃபிரிட்ஜ் கொண்டு வந்து வைச்சிருக்கிறார். எங்கட வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு 50 தரம் ஆடுறது, அந்த ஆட்டம் வயரில ஏறியிருக்கு. இந்தக் கரைச்சலுக்காகத்தான் டிக் சத்தத்தை செக்கனுக்கு 21.1 தரம் எண்டு ஒரு கோணல் கணக்கில வைக்கிறது. சரியா 25 எண்டு வைச்சால் 50ன்ர தாளத்தோட கூடிக்கொண்டு அந்த ஊஊவும் அலை மாதிரியே நிக்கும்.

சேர், நான் உயர்தரம் உயிரியல் படிக்கிறன். ஈஈஜிக்கும் நீங்கள் சொல்லுற இதுக்கும் என்ன வித்தியாசம்? ஆர் கண்டுபிடிச்சது?
(மாணவன், நெல்லியடி)

தம்பி, உங்கட புத்தகத்தில தூண்டல், தூண்டற்பேறு எண்டு படிச்சிருப்பீங்கள், அந்தத் தூண்டற்பேறுதான் இது. ஈஈஜி எண்டுறது மூளை சும்மா இருக்கேக்கயும் ஓடிக்கொண்டிருக்கிற இரைச்சல், 10ல இருந்து 100 மைக்ரோவோல்ட் வரைக்கும். நீங்கள் குடுத்த தூண்டலுக்கு வாற பதில் அந்த இரைச்சலுக்கு உள்ள புதைஞ்சு கிடக்கும், கனக்க இடத்தில ஒண்டு தொடக்கம் பத்து மைக்ரோவோல்ட்தான்.

பகிடி என்னண்டால் முதல் தேடினது தூண்டற்பேறைத்தான். 1875ல லிவர்பூலில ரிச்சட் கேட்டன் எண்ட டொக்டர் முயல், குரங்குகளின்ர மூளையில நேரா வயர் வைச்சு, கண்ணில வெளிச்சம் பட்டால் அங்க கரண்ட் மாறுதோ எண்டுதான் பாத்தவர், தூண்டாம விட்டாலும் கரண்ட் ஆடிக்கொண்டே இருக்கிறது பக்கத்தில கிடைச்ச சாமான். மனுசரில அந்த ஆட்டத்தைப் பதிஞ்சது ஜெர்மனியில யேனா நகரத்து ஹான்ஸ் பேர்கர், 1924ல. ஆள் அஞ்சு வருசம் ஒருத்தருக்கும் சொல்லாமல் திருப்பித் திருப்பிப் பாத்து 1929லதான் எழுதினவர், எழுதின பிறகும் கனபேர் நம்பேல்லை, 1934ல கேம்பிரிட்ஜில ஏட்ரியனும் மத்தியூசும் செய்து காட்டின பிறகுதான் உலகம் திரும்பிப் பாத்தது. 1939ல பாலின் டேவிஸ் எண்ட அமெரிக்கப் பெண், முழிச்சிருக்கிற ஆளுக்குச் சத்தம் குடுக்க ஈஈஜிக் கோட்டில ஒரு துள்ளல் வாறதைக் காட்டினவ, ஆனால் எல்லாருக்கும் அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

என்ர மனசில நிக்கிற ஆள் ஜோர்ஜ் டோசன். லண்டன் குயின் ஸ்குவயர் ஆஸ்பத்திரியில இருந்தவர். 1947ல அவர் செய்தது சின்ன வேலை. கை நரம்பில மெல்லிசா ஒரு கரண்ட் சுண்டு, அதே நேரத்தில தலையில வாற கோட்டைப் படமெடுக்கிறது, திருப்பிச் சுண்டி அதே ஃபிலிமில மேலால இன்னொரு கோடு, அப்பிடி ஒண்டுக்கு மேல ஒண்டாக் கனக்க. இரைச்சல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிப் போறதால பூசி மெழுகின மாதிரிக் கிடக்கும், பதில் மட்டும் எல்லா முறையும் ஒரே நேரத்தில வாறதால அந்த இடம் கறுத்துத் தெரியும். அது காணாதெண்டு 1951ல மோட்டர் ஒண்டு சுத்த, வரிசையா அடுக்கின கொண்டென்சர்களில ஒவ்வொரு நேரத் துண்டின்ர கரண்டையும் சேத்துக்கொண்டு போற மெஷின் ஒண்டு செய்து காட்டினார். கம்பியூட்டர் ஒண்டும் இல்லாமல். இண்டைக்கு எங்கட மெஷின் செய்யிறதும் அந்த ஒரே கூட்டல்தான்.

நல்லூரில நிண்டு யோசியுங்கோ. தேரண்டைக்கு வெளி வீதியில ஒரு மைக் கட்டித் தொங்கவிடுறம், சனம், கடலைக்காரர், லவுட்ஸ்பீக்கர், காணாமப் போன பிள்ளையின்ர அறிவித்தல், ஒண்டும் விளங்காது. ஆனால் கோயில் மணி அடிச்சு மூண்டாவது செக்கனில எங்கயோ ஒரு கைக்குழந்தை ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு வீரிடுது எண்டு வைப்பம். ஒவ்வொரு மணி அடிச்ச நேரத்தில இருந்தும் பத்துச் செக்கன் பதிவை வெட்டி, எல்லாத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிக் கூட்டிப் பிரிச்சால் மற்றச் சத்தமெல்லாம் ஒண்டை ஒண்டு வெட்டிக்கொண்டு குறையும், மூண்டாவது செக்கனில அந்த வீரிடல் நிக்கும். கணக்கும் சொல்லிவிடுறன், இரைச்சல் குறையிறது எத்தினை தரம் எண்டதின்ர வர்க்கமூலத்தால. 100 தரம் கேட்டால் பத்தில ஒண்டு, 2000 டிக் குடுத்தால் ஏறக்குறைய 45ல ஒண்டு. இரைச்சலை இன்னும் ரெண்டு மடங்கு குறைக்க வேணுமெண்டால் நாலு மடங்கு நேரம் இருக்கவேணும், இதாலதான் எங்களிட்ட வாற ஆக்கள் "இன்னும் முடியேல்லையோ" எண்டு கேக்கிறது.

பிழையான வசனத்தை வாசிச்சால் மூளை கரண்டில காட்டிக் குடுக்கும் எண்டு பிள்ளையளுக்கு ஆரோ சொல்லியிருக்கினம், அவையள் வகுப்பில வந்து என்னைக் கேக்கினம். நான் தமிழ் படிப்பிக்கிறன். தமிழ் வசனத்துக்கும் அப்பிடி வருமோ?
(ஆசிரியை, சாவகச்சேரி)

டீச்சர், இதுக்கு நான் கொஞ்சம் நீட்டுவன், எனக்குப் பிடிச்ச சாமான்.

1980ல கலிபோர்னியாவில சான்டியாகோவில மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் எண்டு ரெண்டு பேர். ஆக்களை ஒரு ஸ்கிரீனுக்கு முன்னால இருத்தி, ஏழு சொல் வசனங்களை ஒரு சொல்லா ஒரு சொல்லா, செக்கனுக்கு ஒண்டு காட்டினவை. கன வசனம் ஒழுங்கா முடியும். சிலது முடியாது, "அவன் சூடான பாணில பூசினது சொக்ஸ்" எண்டு வரும். பட்டர் வரவேண்டிய இடத்தில காலில போடுற சொக்ஸ். அவை எதிர்பாத்தது என்னண்டால், அதுக்கு முன்னமே தெரிஞ்ச பி300 எண்ட ஒரு அலை, எதிர்பாராத சாமான் வந்தால் 300 மில்லிசெக்கனுக்குப் பிறகு பொசிட்டிவ் பக்கம் எழும்புறது, அது வரும் எண்டு. வந்தது மறுபக்கம். சொக்ஸ் எண்ட சொல் கண்ணில பட்டு 400 மில்லிசெக்கன் கிட்ட நெகட்டிவ் பக்கம் ஒரு அலை. அதுக்குத்தான் என்400 எண்டு பேர். (இந்த ஃபீல்டில கனபேர் நெகட்டிவை மேல போட்டுக் கீறுறவை, புதுசா வாற பொடியள் எல்லாத்தையும் தலைகீழா வாசிக்கிறது வழமை, நானும் வாசிச்சனான்.)

இன்னுமொண்டும் பாத்தவை. வசனம் சரி, ஆனால் கடைசிச் சொல் மட்டும் திடீரெண்டு பெரிய எழுத்தில. அதுக்கு என்400 வரேல்லை, பொசிட்டிவ் அலைதான் வந்தது. அப்ப மூளைக்குத் திகைப்பு வேற, பொருள் பொருந்தாமப் போறது வேற, ரெண்டுக்கும் வேற வேற பதில். இந்த இடம் எனக்கு எத்தினை தரம் வாசிச்சாலும் அலுக்காது.

ஆனால் "பிழையைக் காட்டிக் குடுக்கும்" எண்டு பிள்ளையள் சொன்னது அவ்வளவு சரியில்லை. 1984ல அதே ரெண்டு பேரும் பிழையே இல்லாத வசனங்களில பாத்தால், கடைசிச் சொல் எவ்வளவுக்கு எதிர்பாக்கக் கூடினதோ அவ்வளவுக்கு அலை சின்னன், எதிர்பாக்காத சொல்லெண்டால் வசனம் சரியாயிருந்தாலும் பெரிசு. அதுக்கு முதல் வருசம் ஃபிஷ்லர் எண்டவர் செய்தது இன்னும் நல்லாயிருக்கும். எங்கட மாதிரிச் சொன்னால், "காகம் பறவையில்லை" பொய்தானே, அதுக்கு அலை சின்னன். "காகம் மரமில்லை" சத்தியமான உண்மை, அதுக்குத்தான் அலை பெரிசு. ஏனெண்டால் காகத்துக்குப் பக்கத்தில பறவை மனசில ஏற்கனவே வந்து நிக்குது, மரம் நிக்கேல்லை. அந்த 400 மில்லிசெக்கனில மூளை உண்மை பொய் பாக்கேல்லை, இந்தச் சொல் இஞ்ச வரக்கூடியதோ எண்டுதான் பாக்குது.

தமிழுக்கு வருமோ எண்டு கேட்டால், இந்த அலை இங்கிலிஸ் மூளைக்கு மட்டும் உரிய சாமான் இல்லை, கன மொழியில பாத்திருக்கினம். ஆனால் வசனத்தைக் கட்டேக்க தமிழ்க்காரருக்கு ஒரு வில்லங்கம் இருக்கு. நாங்கள் சாதாரணமாக் கதைக்கேக்க வினை கடைசியில. "சூடான பாணில சொக்ஸைப் பூசினான்" எண்டால் இடறுற கல்லு நடுவில வந்திட்டுது, பூசினான் வரேக்க மூளை ஏற்கனவே இடறி எழும்பி நிக்கும். அப்ப கல்லை வினையிலதான் வைக்கவேணும்: "புட்டை அவிச்சு, சம்பலோட குழைச்சு, வாயில வைச்சு ஓட்டினான்." அந்த ஓட்டினானில உங்களுக்கு உள்ளுக்க ஒரு சின்ன இடறல் வந்திருக்குமே, உதுதான். வகுப்பில பிள்ளையளைக் கொண்டு இப்பிடிப் பத்து வசனம் எழுதிப் பாருங்கோ டீச்சர், மெஷின் இல்லாட்டிலும் சிரிப்பு வாற இடத்தைக் குறிச்சுக்கொள்ளலாம்.

பொய் சொல்லுறவனை இந்த மெஷினால பிடிக்கலாமாம், இந்தியாவில பொலிஸ் பாவிச்சவையாம். இஞ்சயும் வந்தால் நல்லதுதானே?
(வாசகர், மானிப்பாய்)

காகம் மரமில்லையை ஒருக்காத் திருப்பி வாசிச்சிட்டு வாங்கோ.

பொலிஸ்காரர் தூக்கிப் பிடிக்கிறது கூடுதலா பி300ஐ. அது 1965ல நியூயோர்க்கில சாமுவேல் சட்டன் கண்டது. அடுத்தது வெளிச்சமோ சத்தமோ எண்டு ஆளை ஊகிக்க விட்டால், நிச்சயம் இல்லாத நேரத்தில அந்த அலை பெரிசாகும். ரெண்டு வருசம் கழிச்சுப் பாத்தால், வரவேண்டிய சத்தம் வராமல் விட்டாலும் அலை வருது, வராத சத்தத்துக்கு மூளை பதில் சொல்லுது! அதிசயம்தான். ஆனால் அது சொல்லுறதெல்லாம் "இது எனக்கு முக்கியம், இது மற்றதுகள் மாதிரி இல்லை" எண்ட அளவுதான். கொலை நடந்த வீட்டுப் படத்தைக் காட்ட அலை எழும்பினால், ஆள் செய்தவனா இருக்கலாம், கண்டவனா இருக்கலாம், பேப்பரில படம் பாத்தவனா இருக்கலாம், அந்த வீட்டுக்குக் கிணறு இறைக்கப் போனவனாவும் இருக்கலாம்.

இந்தியாவில 2008ல புனேயில ஒரு கொலை வழக்குத் தீர்ப்பில இப்பிடி ஒரு மூளை டெஸ்டையும் சாட்சியா எடுத்தது உண்மை, உலகம் முழுக்க விஞ்ஞானிகள் குழம்பினவை. பிறகு 2010 மே 5ந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் எண்ட வழக்கில, ஆளின்ர சம்மதமில்லாமல் இதையோ, மயக்கிக் கதைக்க வைக்கிற உண்மை ஊசியையோ, பொலிகிராஃப் எண்ட பொய் பிடிக்கிற மெஷினையோ செய்ய ஏலாது எண்டு சொல்லிப்போட்டுது. எங்கட ஊரில விசாரணை எண்ட சொல்லைக் கேட்டாலே ஆக்களின்ர கை நடுங்கின காலம் ஒண்டு இருந்தது, அந்தக் கதிரையில இருக்கிறவனுக்கு எந்தப் படத்தைக் காட்டினாலும் அலை எழும்பும் எண்டுறது என்ர அபிப்பிராயம். இஞ்ச வர வேண்டாம்.

எனக்கு ஒரு கண் திடீரெண்டு மங்கிப் போச்சு, சதுரங்கப் பலகை மாதிரி ஒண்டைப் பாக்கச் சொல்லி டெஸ்ட் எழுதியிருக்கினம். கண்ணாடி போட்டுக்கொண்டு போகலாமோ?
(வாசகர், பருத்தித்துறை)

கட்டாயம் போட்டுக்கொண்டு போங்கோ ஐயா, கண்ணாடி இல்லாமல் கட்டங்கள் கலங்கினால் பதிலும் கலங்கும். கறுப்பு வெள்ளைக் கட்டம் மாறி மாறி வரும், நடுவில உள்ள புள்ளியைப் பாத்துக்கொண்டிருக்கவேணும், பின் தலையில ஒட்டின வயரில 100 மில்லிசெக்கன் கிட்ட ஒரு அலை வரவேணும். அது பிந்தினால் கண் நரம்பில உறை கழண்டிருக்கோ எண்டு யோசிப்பினம், 1972ல லண்டனில ஹாலிடேயும் கூட்டாளியளும் காட்டினது. ஒவ்வொரு கண்ணாத் தனித்தனிய எடுப்பினம். நித்திரை தூங்கி விழாதேங்கோ, அவ்வளவுதான்.

அம்மம்மா பக்கவாதம் வந்து மூண்டு கிழமையா நினைவில்லாமல் படுக்கையில. நாங்கள் கதைக்கிறது அவவுக்குக் கேக்குமோ எண்டு இதால பாக்க ஏலுமோ?
(வாசகி, அளவெட்டி)

பிள்ளை, பாதி ஏலும். ரிஸ்தோ நாதானென் எண்ட பின்லாந்துக்காரர் 1978ல ஒண்டு காட்டினவர். ஒரே மாதிரிச் சத்தம் பீப் பீப் பீப் எண்டு போய்க்கொண்டிருக்க, இடைக்கிடை ஒண்டு கொஞ்சம் வேற சுருதியில வந்தால், ஆள் அதைக் கவனிக்காமல் புத்தகம் வாசிச்சுக்கொண்டிருந்தாலும் மூளை "இது வேற" எண்டு ஒரு அலை விடும். கவனமே தேவையில்லை எண்டபடியால் நினைவில்லாத ஆக்களிலயும் பாக்கலாம். பிரான்சில லியோனில கேத்தரின் ஃபிஷர் 1999ல கோமா ஆக்களில பாத்து, அந்த அலை வாற ஆக்கள் முழிக்கிறதுக்குச் சந்தர்ப்பம் கூட எண்டு காட்டினவ. மறுபக்கத்தையும் வடிவாக் கேளுங்கோ, அலை வராட்டில் முழிக்க மாட்டினம் எண்டு அர்த்தமில்லை, வராமலே முழிச்ச ஆக்களும் இருக்கினம். சத்தத்தின்ர வித்தியாசம் தெரியிறதும் நீங்கள் கதைக்கிறது விளங்கிறதும் ஒண்டில்லை, அதை உங்களுக்கு ஒளிக்க விரும்பேல்லை. உங்கட டொக்டரிட்ட இந்த டெஸ்டுக்கு வசதி இருக்கோ எண்டு கேளுங்கோ. இல்லாட்டிலும் பக்கத்தில இருந்து கதையுங்கோ, "பேஷன்ட்" எண்டோ "அவ" எண்டோ இல்லாமல் வீட்டில கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டு. ரிவியை மட்டும் நாள் முழுக்கப் போட்டு விடாதேங்கோ, இரைச்சலுக்குள்ள ஒண்டும் எடுபடாது.

நெத்தியில கட்டுற பட்டி ஒண்டு, மூளையின்ர கவனத்தை போனில நம்பராக் காட்டுதாம். மகன் இந்த வருசம் சோதினை. வாங்கலாமோ?
(வாசகர், சுன்னாகம்)

விக்கிறவரிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ, ஒரு நம்பர் சொல்ல எத்தினை தரம் கூட்டிப் பாக்கிறீங்கள் எண்டு. நெத்தியில கண் சிமிட்டுறதுக்கு வாற கரண்ட் மட்டும் 100 மைக்ரோவோல்ட்டுக்கு மேல போகும், தாடைச் சதை அதுக்கு மேல.

என்ர மருமோன் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து காட்டினவன், நான் கட்டிக்கொண்டு ஒரு மண்ணும் யோசிக்காமல் இருந்து பல்லை மட்டும் நெருமினன், நம்பர் ஜிவ்வெண்டு ஏறிச்சுது. அதை அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாது. இப்ப ரியூசனால வந்து பட்டியைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடிச்சபடி இருக்கிறானாம், நம்பர் நல்லா ஏறுதெண்டு தாய் சந்தோசமா எனக்கு போன் எடுக்கிறா.